புற்றுநோய் சிகிச்சையில் ஒருங்கிணைந்த மருத்துவத் தரவும் இயந்திரக் கற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளின் குடும்பத்தினர், செவிலியர்கள், மருத்துவத் தரவு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை மறைக்காமலே பதில் எழுதியிருக்கிறேன். இயந்திரக் கற்றல் என்பது பழைய பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக் கணிப்புச் சொல்வது. அந்தக் கணிப்பு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைவிட, பதிவுகள் எவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்தன, கணிப்பு வந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் நோயாளியின் நன்மை இருக்கிறது என்று நம்புகிறேன்.

மருத்துவத் தரவை இணைப்பது என்கிறார்களே, எதை எதோடு இணைக்கிறார்கள்?

ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயை ஒரு ஸ்கேன் மையத்தில் எடுக்கிறார். படம் அங்குள்ள கணினியில் தங்கிவிடுகிறது. பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து எடுத்த சிறு திசு, வேறோர் ஆய்வகத்துக்குப் போகிறது. எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, ஹெர்-2 என்ற புரதம் எப்படி என்பதெல்லாம் அந்த ரிப்போர்ட்டில் வாக்கியங்களாக இருக்கும். அறுவை சிகிச்சைக் குறிப்பு இன்னொரு மருத்துவமனையில். கீமோ எத்தனை சுழற்சி போனது, எந்தச் சுழற்சியில் வெள்ளணு குறைந்து டோஸைக் குறைத்தார்கள் என்பது அங்கே செவிலியர் எழுதிய தாளில். கதிர்வீச்சு எந்த இடத்துக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு) போனது என்பது அந்தக் கருவிக்கென்றே உள்ள தனி மென்பொருளில். மூன்று வருடம் கழித்து முதுகு வலிக்கிறது என்று பக்கத்தில் உள்ள பொது மருத்துவரிடம் போகிறார். முன்கதை எதுவும் தெரியாமல் அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். எலும்பில் பரவல் இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டிய தகவல் எல்லாமே எங்கெங்கோ பத்திரமாகத்தான் இருந்தது. அவர் கண்ணில்தான் படவில்லை.

இந்தத் துண்டுகளை ஒரே ஆளின் கதையாகக் கோப்பது முதல் வகை இணைப்பு. அப்படிக் கோத்த ஆயிரக்கணக்கானவர்களின் கதைகளைப் பல மருத்துவமனைகளிலிருந்தும் சேர்த்து, யாருக்கு எது பலித்தது என்று பார்ப்பது இரண்டாவது வகை. பேச்சு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே நடக்கிறது. முதலாவது சரியாக நடக்காமல் இரண்டாவது நடக்காது.

ஒரு பெரிய மருத்துவமனையின் தரவு மட்டும் போதாதா?

பெரும்பாலும் போதாது. நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. ஆல்க் என்ற மரபணு இடம்மாறிய வகை, சிறு செல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் சுமார் 5 சதவீதம்தான். ஆண்டுக்கு 400 பேர் வரும் மருத்துவமனையில்கூட அப்படிப்பட்டவர்கள் 20 பேர் இருப்பார்கள். அதில் ஒரே ஸ்டேஜ், ஒரே மருந்து என்று வடிகட்டினால் கையில் நாலைந்து பேர் மிஞ்சுவார்கள். அதை வைத்து என்ன கற்றுக்கொள்வது?

தரவைச் சேர்த்ததால் என்ன நடந்தது என்பதற்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயே பெரிய சாட்சி. 1960-களின் தொடக்கத்தில் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா வந்த குழந்தைகளில் 10-ல் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10-ல் 9 பேர் பிழைக்கிறார்கள். மருந்துகளைப் பெரும்பாலும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பல மருத்துவமனைகள் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றி, முடிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு சோதனையிலும் கற்றதை அடுத்த சோதனையில் புகுத்தின. இயந்திரக் கற்றல் வருவதற்கு வெகு முன்பே நடந்த வேலை இது.

பிறகு பெரிய தொகுப்புகள் வந்தன. அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேடு 1973 முதல் புற்றுநோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துவருகிறது. 2006-ல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்டவர்களின் கட்டிகளை மரபணு அளவில் அலசி, பெரும்பகுதியைப் பொதுவில் வைத்தது. இன்றைய கணினி மாடல்களில் (தரவில் பயின்று கணிப்புச் சொல்லும் நிரல்களில்) பல அந்தத் தொகுப்பில் பயின்றவைதான்.

இணைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? எல்லாம் கணினியில்தானே இருக்கிறது?

இந்தத் துறைக்குள் வராதவர்களுக்குப் புரிய வைக்க மிகக் கடினமான விஷயம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆள் அடையாளம். ஒரே நபரின் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், இன்னோரிடத்தில் முதலெழுத்தோடு சுருங்கியிருக்கும், மூன்றாவது இடத்தில் எழுத்துப் பிழையோடு இருக்கும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவைத்த பதிவேடுகள் உண்டு. இருவரைத் தவறுதலாக ஒருவராக்கினால் ஒருவரின் அலர்ஜி இன்னொருவர் கணக்கில் ஏறும். ஒருவரை இருவராக்கினால் பாதிக் கதை காணாமல் போகும். டென்மார்க் 1968-லேயே ஒவ்வொருவருக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டது. சுகாதாரத் தரவு ஆராய்ச்சியில் அந்தச் சிறிய நாடு இவ்வளவு முன்னால் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது எழுத்து. புற்றுநோயின் முக்கியமான தகவலில் பாதி, கட்டம்போட்ட படிவத்தில் இருக்காது. மருத்துவர் எழுதிய வாக்கியத்தில் இருக்கும். மூன்று வரிகளைப் பாருங்கள். ‘நுரையீரலுக்குப் பரவியதற்கான சான்று இல்லை.’ ‘நுரையீரல் பரவல் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது.’ ‘தாய்க்கு நுரையீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்தது.’ நுரையீரல், பரவல் என்ற சொற்களை மட்டும் தேடும் நிரல் மூவருக்குமே பரவல் உண்டு என்று குறித்துவைக்கும். முதலாமவருக்கு இல்லை, இரண்டாமவருக்குத் தெரியாது, மூன்றாவது வரி நோயாளியைப் பற்றியதே இல்லை.

மூன்றாவது, விடுபட்டவை. பல கோப்புகளின் கடைசி வரி ‘மூன்று மாதம் கழித்து வரவும்’ என்பதாக இருக்கும். அதற்குப் பிறகு எதுவும் இருக்காது. அவர் குணமாகி வராமல் இருந்தாரா, வேறு ஊரில் சிகிச்சை பெற்றாரா, இறந்துவிட்டாரா? இறப்புப் பதிவோடு இணைக்காதவரை அந்தக் கோப்பு பதில் சொல்லாது. வராமல் போனவர்களை எல்லாம் உயிரோடு இருப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டால், மோசமான சிகிச்சைகூட அருமையாகத் தெரியும். ஒரு மாடல் எத்தனை பெரிய இடத்திலிருந்து வந்தாலும் சரி, நான் முதலில் கேட்பது ‘ஃபாலோ-அப் எப்படிச் செய்தீர்கள்’, அதாவது நோயாளிகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று எப்படித் தொடர்ந்து பார்த்தீர்கள் என்பதைத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பதிவில் இருப்பது நோயாளியின் உடல்நிலை மட்டும் அல்ல, மருத்துவமனை நடந்துகொண்ட விதமும் அதில் கலந்திருக்கிறது. பாஸ்டனில் உள்ள இரண்டு மருத்துவமனைகளின் தரவை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், பல ரத்தப் பரிசோதனைகளுக்கு அதன் முடிவைவிட அதை எந்த நேரத்தில் கேட்டார்கள் என்பதே நோயாளி பிழைப்பாரா என்பதை நன்றாகக் காட்டியது. நள்ளிரவில் பரிசோதனை கேட்கிறார்கள் என்றால் மருத்துவர் ஏற்கெனவே கவலைப்பட்டிருக்கிறார் என்று பொருள். அந்தக் கவலையைத்தான் மாடல் படித்துக்கொள்கிறது.

இயந்திரக் கற்றல் இதில் புதிதாக என்ன செய்கிறது?

பழைய புள்ளியியல் முறையில் வயது, ஸ்டேஜ், கட்டியின் அளவு என்று பத்துப் பதினைந்து விஷயங்களை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுப்போம். இயந்திரக் கற்றலில் படத்தின் கோடிக்கணக்கான புள்ளிகளையோ பல வருட நோய்க் குறியீடுகளையோ (ஒவ்வொரு நோய்க்கும் மருத்துவமனை பதியும் குறியீடுகள்) அப்படியே கொடுத்து, எது முக்கியம் என்பதை அதுவே கண்டுபிடிக்க விடுகிறோம்.

நல்ல உதாரணம் ஒன்று. குடல் புற்றுநோயில் சில கட்டிகளுக்கு மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை என்ற தன்மை, அதாவது மரபணுப் பிழைகள் திருத்தப்படாமல் குவியும் தன்மை, இருக்கும். அத்தகைய கட்டிகளுக்கு நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்யும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் இந்தத் தன்மை இருந்தால் தரலாம் என்று அனுமதித்தது. இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை வேண்டும். 2019-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எல்லா நோயாளிக்கும் வழக்கமாகத் தயாராகும் சாயமேற்றிய ஸ்லைடின் படத்தை வைத்தே இந்தத் தன்மையைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒன்றை, எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும் படத்திலிருந்து எடுப்பதுதான் இந்த முறையின் உண்மையான பலம்.

ஆனால் எல்லா இடத்திலும் இது தேவை என்று நினைக்க வேண்டாம். வயது, ரத்த அளவுகள் போன்ற அட்டவணைத் தரவில், மருத்துவக் கணிப்பு ஆய்வுகள் 71-ஐ அலசிய 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, லாஜிஸ்டிக் என்ற பழைய புள்ளியியல் முறையைவிட இயந்திரக் கற்றல் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. எளிய முறை போதும் என்றால் எளிய முறையே நல்லது. அதில் தவறு எங்கே என்று மனிதர் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

நிஜமாகவே நோயாளிகளுக்குப் பலன் கிடைத்த உதாரணம் உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். இரண்டிலுமே பழைய தரவில் சோதித்ததோடு நிற்காமல், மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஸ்வீடனில் நடந்த மசாய் சோதனை முதலாவது. அங்கே ஒவ்வொரு மாமோகிராமையும் இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் படிப்பது வழக்கம். சோதனையில் கணினி ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை அபாய மதிப்பெண் கொடுத்தது. 10 வாங்கியதை இருவர் படித்தார்கள், மற்றதை ஒருவர் படித்தார். 80,033 பெண்களின் விவரத்தோடு 2023-ல் வந்த இடைக்கால முடிவில், கணினித் துணை உள்ள குழுவில் 1,000 பேருக்கு 6.1 புற்றுநோய்களும், வழக்கமான குழுவில் 5.1-ம் கண்டுபிடிக்கப்பட்டன. படிக்கும் வேலையோ 44 சதவீதம் குறைந்தது. கதிரியக்க மருத்துவர்கள் பற்றாக்குறையாக உள்ள எந்த நாட்டுக்கும் இது பெரிய சேதி.

இரண்டாவது அவ்வளவு பிரபலம் இல்லை, ஆனால் என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்களில், யார் நடுவில் உடல்நிலை மோசமாகி அவசரப் பிரிவுக்கோ உள்நோயாளிப் பிரிவுக்கோ வர நேரிடும் என்று மின்னணுப் பதிவுகளிலிருந்து ஒரு மாடல் கணித்தது. அபாயம் அதிகம் உள்ள 311 சிகிச்சைகளை எடுத்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல் வாரம் ஒருமுறையும், மறு பாதிக்கு வாரம் இருமுறையும் மருத்துவர் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அவசரமாக வர நேர்ந்தது 22.3 சதவீதத்திலிருந்து 12.3 சதவீதமாகக் குறைந்தது. 2020-ல் வெளியான முடிவு இது. நீர்ச்சத்து குறைவதையும் வாய்ப்புண்ணையும் வலியையும் மூன்று நாள் முன்னதாக ஒருவர் பார்த்துக் கவனித்தால் எவ்வளவோ தவிர்க்கலாம். கணினி செய்தது, அந்தக் கூடுதல் நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று காட்டியது மட்டும்தான்.

அப்படியானால் என் ஸ்கேனைப் பார்த்துக் கணினியே முடிவு சொல்லிவிடுமா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் பேஜ் ப்ராஸ்டேட் என்ற மென்பொருளுக்கு அனுமதி கிடைத்தபோதும், நோயியல் நிபுணர் ஸ்லைடைப் பார்க்கும்போது சந்தேகத்துக்கிடமான இடத்தைச் சுட்டிக்காட்டும் துணையாக மட்டுமே அனுமதித்தார்கள். முடிவும் கையெழுத்தும் நிபுணருடையது.

‘95 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் வந்தால் நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினருக்கு ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நோய் உள்ள 100 பேரில் 90 பேர் அகப்படுவார்கள். நோய் இல்லாத 99,900 பேரில் 5 சதவீதம், அதாவது 4,995 பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று வரும். மொத்தம் 5,085 பேருக்கு அபாய மணி. அதில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 90 பேர், இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லோரும் சில வாரம் தூக்கம் இழந்து, இன்னொரு ஸ்கேனுக்கும் சிலர் பயாப்ஸிக்கும் போய்வருவார்கள். அதே சோதனையை, ஏற்கெனவே அறிகுறி இருப்பவர்களிடம் மட்டும் செய்தால் கணக்கு தலைகீழாக மாறும். அதனால் துல்லியம் எவ்வளவு என்று கேட்டால் பாதிக் கேள்விதான். யாரிடம் சோதித்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்பது மீதிப் பாதி.

ஓரிடத்தில் அருமையாக வேலை செய்த மாடல் இன்னோரிடத்தில் ஏன் தடுமாறுகிறது?

2023-ல் வந்த கணையப் புற்றுநோய் ஆய்வு இதை நேர்மையாகக் காட்டியது. கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும். அதனால் பழைய நோய்க் குறியீடுகளின் வரிசையைப் பார்த்தே அபாயம் உள்ளவர்களை முன்கூட்டி அடையாளம் காண முடியுமா என்று முயன்றார்கள். டென்மார்க்கின் 60 லட்சம் பேரின் பதிவுகளில் பயிற்றுவித்தபோது மாடலின் மதிப்பெண் 0.88. இதில் 0.5 என்றால் வெறும் ஊகம், 1 என்றால் முழுச் சரி. அதே மாடலை அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளில் ஓட்டியதும் 0.71-க்கு இறங்கியது. அங்குள்ள தரவிலேயே மறுபடி பயிற்றுவித்த பிறகு 0.78 வந்தது.

உடல் மாறிவிட்டதா? இல்லை. எந்த நோய்க்கு எந்தக் குறியீட்டைப் போடுவார்கள், எந்த அறிகுறிக்கு மக்கள் மருத்துவரிடம் போவார்கள், எத்தனை வருடப் பதிவு கையில் இருக்கிறது என்பதெல்லாம் மாறின. வெளியிடத் தரவில் சோதித்து, இறங்கிய மதிப்பெண்ணையும் மறைக்காமல் வெளியிட்டதற்காகவே அந்தக் குழுவை நான் மதிக்கிறேன்.

சில சமயம் மாடல் தவறான பாடத்தையே படித்துவிடும். தோல் புற்றுநோய்ப் படங்களில், மருத்துவர்கள் சந்தேகத்துக்குரிய மச்சத்தின் பக்கத்தில்தான் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார்கள். அதனால் அளவுகோல் உள்ள படம் என்றாலே புற்றுநோய் என்று சொல்லும் போக்கு ஒரு மாடலுக்கு இருந்ததை அதை உருவாக்கிய ஆய்வாளர்களே எழுதினார்கள். முன்னே சொன்ன மரபணு வரைபடத் திட்டத்தின் ஸ்லைடுகளிலும் இதே சிக்கல் உண்டு. சாயம் ஏற்றிய விதம், ஸ்கேன் செய்த கருவி ஆகியவற்றை வைத்து, அந்த ஸ்லைடு எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை மாடல் கண்டுபிடித்துவிடும் என்று 2021-ல் காட்டினார்கள். ஒரு மருத்துவமனைக்கு முற்றிய நோயாளிகள் அதிகம் வந்தால், மாடல் நோயைப் படிக்காமல் மருத்துவமனையைப் படித்துவிட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

பாரபட்சம் எப்படி நுழைகிறது? கணினிக்கு ஆள் பார்க்கத் தெரியாதே?

கணினிக்குத் தெரியாது, நாம் கொடுக்கும் இலக்குக்குத் தெரியும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு தேவைப்படுபவர்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒரு நிரலை 2019-ல் ஆராய்ந்தார்கள். ‘யாருக்கு நோய் அதிகம்’ என்பதற்குப் பதில் ‘யாருக்குச் சிகிச்சைச் செலவு அதிகம்’ என்பதை அது கணித்தது. செலவுத் தகவல் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால். ஆனால் கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததால் செலவும் குறைவாக இருந்தது. ஆகவே அதே அளவு நோய் உள்ள கறுப்பின நோயாளிகளை நிரல் பின்னுக்குத் தள்ளியது. இதைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய நிரல் இல்லை. எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் விட்டதன் விளைவு. புற்றுநோயிலும் இதே ஆபத்து இருக்கிறது. பணம் தீர்ந்து சிகிச்சையை நிறுத்தியவரை, ‘சிகிச்சை பலிக்காதவர்’ என்று மாடல் படித்துக்கொள்ளக் கூடாது.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்போதும் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. தென்கொரியாவில் பரிசோதனை பரவலானதும், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 15 மடங்கு ஆனது. தைராய்டு புற்றுநோய் மரணங்களோ குறையவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத சின்னக் கட்டிகளைக் கண்டுபிடித்து, தைராய்டை எடுத்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வைத்தார்கள். கணினி இன்னும் நுட்பமாகப் பார்க்கும் என்பதால் இந்த ஆபத்து கூடும். அதிகமாகக் கண்டுபிடித்தது என்ற செய்தியோடு, முற்றிய நோயும் மரணமும் குறைந்தனவா என்பதையும் கேட்க வேண்டும். அதற்குப் பல வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பழைய பதிவுகளை வைத்து எனக்கு எந்த மருந்து பலிக்கும் என்று சொல்ல முடியுமா?

குறிப்புக் கொடுக்கலாம், தீர்ப்புச் சொல்வது கடினம். கடுமையான கீமோவைத் தாங்கக்கூடிய தெம்புள்ளவர்களுக்குத்தான் மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். பிறகு பதிவைப் பார்த்தால் கடுமையான கீமோ பெற்றவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியும். மருந்தின் வேலை எவ்வளவு, அவர்களுடைய தெம்பின் வேலை எவ்வளவு என்று பிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. புள்ளியியலில் வழிகள் உண்டு, ஆனால் பதிவில் எழுதப்படாத காரணத்தை எந்த வழியும் திருத்தாது. பழைய தரவு நல்ல கேள்வியை எழுப்பும். மருந்துக்கு மருந்து ஒப்பிட, முடிந்தவரை குலுக்கல் முறைச் சோதனைதான் வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டால் என் தகவல் பாதுகாப்புதானே?

போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லடானியா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். அரிய புற்றுநோய் என்றால் இன்னும் சுலபம். ஒரு மாவட்டத்தில் அந்த நோய் உள்ளவர் ஒருவரே இருக்கலாம். மரபணுத் தரவு உங்கள் அண்ணன் தங்கைகளைப் பற்றியும் பேசும், அவர்கள் சம்மதித்தார்களா என்று அது கேட்காது.

இதற்கு ஒரு வழியாகக் கூட்டுக் கற்றல் வந்திருக்கிறது. தரவு மருத்துவமனையை விட்டு வெளியே போவதில்லை. மாடல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போய் அங்கேயே பயின்று, கற்றதை மட்டும் திருப்பி அனுப்புகிறது. க்ளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியின் எல்லையை ஸ்கேனில் வரைய, 6 கண்டங்களில் 71 இடங்கள் இப்படிச் சேர்ந்தன. 6,314 நோயாளிகளின் ஸ்கேன்கள், எதுவும் இடம்பெயரவில்லை. 2022-ல் வெளியான இந்த முயற்சி, அரிய நோய்களுக்கு நம்பிக்கை தருகிறது. கற்றதிலிருந்தே சில சமயம் மூலத் தரவு கசியலாம் என்பதால் இதையும் முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன்.

என் தரவைத் தர மாட்டேன் என்று சொல்லலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். சில இடங்களில் சம்மதம் கேட்டே ஆக வேண்டும், சில இடங்களில் நீங்கள் மறுத்தால் ஒழியச் சேர்த்துக்கொள்வார்கள், புற்றுநோய்ப் பதிவேட்டுக்குத் தெரிவிப்பது பல நாடுகளில் மருத்துவமனையின் கட்டாயக் கடமை. எதுவானாலும் யாருக்குப் போகிறது, எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் மருத்துவப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் ‘கேர் டேட்டா’ என்ற பெரிய திட்டம், மக்களிடம் சரியாக விளக்காமல் தொடங்கியதால் நம்பிக்கை இழந்து 2016-ல் கைவிடப்பட்டது. என்னைக் கேட்டால் தரவைத் தருவது நல்லது, உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு அது உதவும். ஆனால் விளக்காமல் எடுப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

நோயாளி வாயால் சொல்வதற்கு இதில் இடம் உண்டா?

உண்டு, போதுமான அளவு இல்லை. ஸ்கேனும் ரத்த அளவும் பதிவில் ஏறும் அளவுக்கு ‘ராத்திரி முழுக்கக் குமட்டல்’ ஏறுவதில்லை. நியூயார்க்கில் கீமோ பெற்ற 766 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவினர் தங்கள் அறிகுறிகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். மோசமானால் செவிலியருக்கு மின்னஞ்சல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வெளியான முடிவில், பதிந்தவர்கள் சோதனையில் சேர்ந்த பிறகு வாழ்ந்த காலம், இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் இதைவிட அதிகம் வாழ்ந்தார்கள்), 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். இதில் இயந்திரக் கற்றலே இல்லை. நோயாளி சொன்னது உரியவர் காதில் உரிய நேரத்தில் விழுந்தது, அவ்வளவே.

உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்து விளக்கம் கேட்கலாமா?

புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைத் தொகுக்கச் சொல்லலாம். இந்த மாடல்கள் தவறையும் தயங்காமல் சொல்லும், அதனால் மருந்தின் அளவையோ சிகிச்சையை நிறுத்துவதையோ அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி இருக்கும் பகுதியை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

குடும்பமாக நாங்கள் இப்போதே என்ன செய்யலாம்?

மருத்துவமனைகள் இணையும்வரை காத்திருக்க வேண்டாம். பயாப்ஸி ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய திசு ரிப்போர்ட், மரபணுப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வையுங்கள். ஸ்கேனின் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். கீமோ மருந்துகளின் பெயர், மொத்த அளவு எழுதிய தாள் மிக முக்கியம். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு, பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அந்தக் கணக்கைக் கேட்பார். கதிர்வீச்சுக்கும் அப்படியே, எந்த இடம், எத்தனை கிரே, எத்தனை தடவை. மெழுகில் பதித்த திசுக்கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்குப் புதிய மருந்து வந்தால் அதற்கான பரிசோதனையை அதிலேயே செய்யலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

மருத்துவமனை ஒரு கணிப்புக் கருவியைப் பயன்படுத்துகிறது என்றால் என்ன கேட்பது?

எங்களைப் போன்ற நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்களா, கணிப்பும் மருத்துவரும் முரண்பட்டால் யார் சொல்வது நடக்கும், அபாயம் அதிகம் என்று வந்தால் அடுத்து எனக்கு என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அந்தக் கணிப்பு உங்களுக்குப் பயன்படாது, பயத்தைத்தான் தரும்.

என் பதிவில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். இடது மார்பகம் வலது என்று பதிவாகியிருப்பது, நிறுத்திய மருந்து இன்னும் பட்டியலில் இருப்பது, குடும்பத்தில் புற்றுநோய் இருந்தும் ‘இல்லை’ என்று இருப்பது எல்லாம் நடக்கக் கூடியவைதான். மருத்துவப் பதிவுப் பிரிவில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அடுத்த முறை போகும்போது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிழையோடு நகல் வேறு எங்காவது போயிருந்தால், அங்கேயும் தெரிவிக்கும்படி அவர்களிடமே கேளுங்கள்.